வாயடைத்த ரிவால்வர்

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது என்று சத்தியம் செய்கிறேன். பொய்யென்றால் என் வாயிலுள்ள பற்கள் அத்தனையும் இந்த நிமிஷமே கழன்று விழட்டும். அந்தப் பற்களைச் செய்து கொடுத்த ஆளே இந்தக் கதையில் வருகிறார் என்பதும், தினமும் படுக்கப்போகும்போது அவை கழன்று கிண்ணத்தில்தான் கிடக்கின்றன என்பதும் வேறு விஷயம். சத்தியம் சத்தியந்தான்.

மாமனார் கண்ணை மூடியபோது மிஷின்காரருக்கு ஒரு குடை கிடைத்தது. அவருடைய சகலைக்கு ஒரு ரிவால்வர் கிடைத்தது. நடந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் வயிற்றெரிச்சல்.

மிஷின்காரர் என்றால் தையல் மிஷின் பழுதுபார்ப்பவர். வீட்டின் கீழ்த்தளத்தில் தெருவைப் பார்த்திருந்த அறை அவருடைய பட்டறை. தலை கவிழ்ந்த கறுப்பு மிஷின்கள் சுவரோரமாக நிற்கும். மண்ணெண்ணெயும் மிஷின் எண்ணெயும் கலந்த வாசனை அவருடைய சட்டையில், தலையணையில், சோற்றில்கூட அடிக்கும் என்பாள் மனைவி. எந்த மிஷினின் அடிவயிற்றைத் திறந்தாலும் பஞ்சு அடைத்திருக்கும். அதை இடுக்கியால் இழுத்து, பழைய எண்ணெயைத் துடைத்து, இரண்டு சொட்டு புதிதாக விட்டு, சக்கரத்தைத் தன் பக்கமாகச் சுற்றிக் காதை வைத்துக் கேட்பார். மிஷினின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டதில்லை.

மாடியில் சகலை குடியிருந்தார். அவர் பல்செட் செய்பவர். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அச்சில் ஊற்றச் சுண்ண மாவு கரைத்து, மெழுகு உருக்கி, பல் பல்லாக அடுக்கிக் கொடுப்பார். தன் தொழிலுக்குத் தானே விளம்பரப் பலகை மாதிரி எந்நேரமும் சிரித்தபடி இருப்பார். "எல்லாம் சொந்தப் பல்தானா சகலை?" என்று மிஷின்காரர் ஒருமுறை கேட்டே விட்டார். சொந்தப் பல்தான். அதுவும் எரிந்தது.

அக்காளைக் கட்டியவர் கீழே, தங்கையைக் கட்டியவர் மேலே, நடுவில் ஒரே சமையலறை; அதில் மாமியார். மாமனார் இருந்தவரைக்கும் கீழ்த்தளத்துக் கூடத்தில் ஓர் ஆணியில் அந்த ரிவால்வர் தோலுறைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. மாமனார் ஒரு பெரிய கம்பெனியில் சம்பளப் பண வண்டிக்குக் காவலாக இருந்தவர். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, உறையின் மேல் கையை வைத்தபடியே தன் உத்தியோகம் முழுவதையும் ஓட்டிவிட்டார். ஒருதடவை வண்டியை மறித்த திருடர்கள், அவர் உறையின் பொத்தானைக் கழற்றும் சத்தம் கேட்டே ஓடிப்போனார்கள் என்று அவரே சொல்வார். ஓய்வு பெற்றபோது கம்பெனி அதன் வாயைச் சிவப்பு அரக்கால் அடைத்து அவருக்கே கொடுத்துவிட்டதாம். "உள்ள ஒரு குண்டு மாட்டிக்கிட்டு உயிரோட இருக்கு. அரக்கைத் தொட்டீங்க, யார் போவீங்கன்னு சொல்ல முடியாது" என்பார். வீட்டில் யாரும் தொடவில்லை. மாமியார் மட்டும் அவ்வப்போது அதன் பிடியால் பாதாம் கொட்டை உடைப்பாள்.

சாகும்போது மாமனார் தெளிவாகச் சொன்னார்: "துப்பாக்கி சின்ன மாப்பிள்ளைக்கு. குடை பெரிய மாப்பிள்ளைக்கு."

அதையும் சகலை செய்து கொடுத்த பல்லால்தான் சொன்னார். பல் மட்டும் இல்லாமலிருந்தால் குழறியிருப்பார், யாருக்கு எது என்று ஒரு வழக்காவது பேசியிருக்கலாம் என்பது மிஷின்காரரின் தீராத குறை.

"மழைக்காலம் வருது. குடை உபயோகப்படுமில்ல" என்றாள் மனைவி.

"ரெண்டு கம்பி இல்லடி அதுல."

"நீங்க ரிப்பேர்க்காரர்தானே."

"அவன் துப்பாக்கியை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறான்? பல்லு சரியில்லன்னு திரும்பி வர்றவனைச் சுடுவானா?"

"சுடட்டும். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

அவருக்கு என்ன வந்தது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? முதலில் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர் அவர். மாமனாரின் செருப்பு அறுந்தால் தைத்தவர், சைக்கிளுக்குக் காற்றடித்தவர், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர். சகலை பிற்பாடு வந்தான், இரண்டு வரிசைப் பல் கொடுத்தான், துப்பாக்கியை அள்ளிக்கொண்டு மாடியேறிவிட்டான். கூடத்தில் வெறும் ஆணி மிச்சம். சாப்பிட உட்கார்ந்தால் அந்த ஆணி அவரையே பார்த்தது. தலைக்கு மேல் சகலையின் காலடி கேட்டால், அது துப்பாக்கி வைத்திருப்பவனின் நடையாகவே கேட்டது.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை ஒருவரை அழைத்து வந்தார். கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். பழைய துப்பாக்கிகள் சேர்க்கிறவர். ஊரே அவரைப் புரொபசர் என்றது. கண்ணாடி அலமாரியில் அவர் அடுக்கி வைத்திருந்த துப்பாக்கிகளைப் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவருவார்கள். ஒவ்வொன்றின் கீழும் ஓர் அட்டை இருக்கும்: எங்கே பிறந்தது, யாரிடம் இருந்தது, யார் கொடுத்தது.

"இது எங்க பிறந்ததுன்னு சார் கண்டுபிடிச்சுட்டாருன்னா, நம்ம மாமா பேரும் அட்டையில வரும், சகலை" என்றார் பல்செட்டுக்காரர்.

"கொடுத்தவர் பேரும் வருமோ?"

"அதுவும் போடுவாங்க போல. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்." சொல்லும்போதே கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிந்தது.

புரொபசர் சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்தார். கையுறை மாட்டினார். பூதக்கண்ணாடியை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்தார். மின்விசிறி வெக்கையைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தது. சமையலறையில் மீன் பொரியும் சத்தம் கேட்டது. மாமியார் தட்டுகளை வைக்க இடம் தேடி வந்து, ரிவால்வரைக் குழலோடு பிடித்துத் தூக்கி ஓரமாக நகர்த்தினாள். புரொபசர் நாற்காலியோடு பின்னால் போனார்.

"அம்மா, அதோட வாயை என் பக்கம் திருப்பாதீங்க."

"இது ஒண்ணும் பண்ணாதுப்பா."

"உள்ள குண்டு இருக்குதாமே."

"அவர் அப்படித்தான் சொல்லுவாரு" என்று சொல்லிவிட்டு அவள் மீனைப் பார்க்கப் போனாள்.

"துப்பாக்கியோட வாயைக் குனிஞ்சு பார்க்கிறவன் ஒருநாளைக்கு நிமிர மாட்டான். என் முதல் பாடமே அதுதான்" என்றார் புரொபசர். வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து ஆராயத் தொடங்கினார்.

மிஷின்காரர் அதற்குமேல் பட்டறையில் உட்கார முடியாமல் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். வந்தவர் சும்மா நிற்கவில்லை.

"சார், அந்தத் திருகாணியைப் பாருங்க. துப்பாக்கித் திருகாணியே இல்ல. தையல் மிஷினுக்குப் போடற ரகம். எவனோ கையில கிடைச்சதைப் போட்டு முடுக்கியிருக்கான்."

புரொபசர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். மூச்சை இழுத்துக்கொண்டார். "தையல் மிஷின் திருகாணியா? நிச்சயமா?"

"என் கண்ணுக்கு அது கூடவா தெரியாது?"

"அப்படின்னா இது லேசுப்பட்டதில்ல. தையல் மிஷினும் துப்பாக்கியும் ஒரே கூரைக்குக் கீழ செஞ்ச தொழிற்சாலைங்க கடல் தாண்டி இருந்திருக்கு. அதுல ஒண்ணுல பிறந்ததாத்தான் இருக்கணும்."

சகலையின் சிரிப்பில் இன்னும் இரண்டு பல் கூடியது.

மிஷின்காரர் விடவில்லை. "எல்லா ரிவால்வர்லயும் குண்டு போட ஆறு குழின்னு சொல்லுவாங்க. இதுல ஏழு இருக்கு. செஞ்சவனுக்குக் கணக்கே தெரியலயே."

"ஏழா?" புரொபசர் எண்ணினார். மறுபடி எண்ணினார். "ஏழு குழி அபூர்வம். தொழிற்சாலையில விக்கறதுக்குச் செய்யல இதை. யாரோ பெரிய இடத்து ஆள் சொல்லிச் செய்ய வெச்சிருக்கான்."

"சக்கரம் வேற பின்பக்கமாச் சுத்துது."

"எங்க?" ரிவால்வரின் பின்பக்கத்துக் குதிரையை லேசாக இழுத்துப் பார்த்தார். உருளை முனகிக்கொண்டே இடப்பக்கமாக நகர்ந்தது. புரொபசரின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இடது கைக்காரன். சின்ன மாப்பிள்ளை, இது ஒரு இடது கைக்கார இளவரசனுக்குச் செஞ்சது. வாய் அடைச்சிருக்கு, பார்க்க முடியல. ஆனா நான் எழுதியே தர்றேன், குழலுக்குள்ள குண்டைச் சுழட்டி விடறதுக்கு ஆறு வரி வெட்டியிருக்கும், எல்லாம் இடப்பக்கமா முறுக்கிட்டுப் போகும்."

ஆக, மிஷின்காரர் கல் எறிய எறிய மரம் பழமாகக் கொட்டியது, சகலையின் மடியில். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது வெறும் துருப்பிடித்த ரிவால்வராகவே மாடியில் கிடந்திருக்கும். அவரே அதற்கு ஒரு தொழிற்சாலை, ஓர் இளவரசன், ஓர் இடது கை மூன்றையும் சம்பாதித்துக் கொடுத்துவிட்டார்.

"அத்தானுக்கு எவ்வளவு விஷயம் தெரியுது" என்றாள் கொழுந்தியாள், தன் புருஷனைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டே.

சாப்பிட உட்கார்ந்தார்கள். பொரித்த மீனின் நடுத்துண்டுகளில் ஒன்று புரொபசருக்குப் போயிற்று, அவர் விருந்தாளி. இன்னொன்று சகலையின் தட்டில் விழுந்தது. வைத்தது மாமியார் அல்ல, மிஷின்காரரின் சொந்த மனைவி.

"இளவரசர் துப்பாக்கிக்காரர், சாப்பிடட்டும்" என்று சிரித்துக்கொண்டே வைத்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். மிஷின்காரருக்கு வால் துண்டு வந்தது. அவர் வாலைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார். உள்ளே ஏதோ ஒரு பல்சக்கரம் பிடி நழுவியது.

"அந்தத் துப்பாக்கியை நான்தான் செஞ்சேன்" என்றார்.

கரண்டி பாத்திரத்தில் படும் சத்தம் நின்றது.

"எதை?" என்றாள் மனைவி.

"அதைத்தான். மாமா யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. இத்தனை நாள் சொல்லல. சும்மா இளவரசன் கிளவரசன்னு பேசறப்போ வாயை மூடிட்டு இருக்க முடியல."

"என்ன சகலை, வெயில் தலைக்கு ஏறிடுச்சா?" என்று சிரித்தார் பல்செட்டுக்காரர்.

"உங்களுக்குத் தெரியாது சகலை. நீங்க அப்போ இந்த வீட்டுக்கு வரல." இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவருக்கு உண்டான சுகம் இருக்கிறதே, கம்பெனி கொடுத்த துப்பாக்கி கையில் இருந்தால்கூட வராது. "வெள்ளம் வந்த வருஷம். பண வண்டி பாலத்துல போறப்போ மாமா எட்டிப் பார்த்திருக்காரு, துப்பாக்கி உறையிலிருந்து நழுவி ஆத்துக்குள்ள போயிடுச்சு. வேலை போயிடும். மானம் போயிடும். கொட்டற மழையில என் பட்டறைக்கு வந்து நின்னாரு. 'மாப்பிள்ளை, உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா'ன்னாரு."

கொழுந்தியாள் கையைக் கழுவாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு அவர் பிடிச்சுட்டு வந்த குடைதான், எனக்குக் கொடுத்துட்டுப் போனது" என்றார் மிஷின்காரர். அதைச் சொல்லும்வரை அப்படிச் சொல்லப்போவது அவருக்கே தெரியாது.

புரொபசர் மீனைத் தட்டில் வைத்தார். பரீட்சை வைக்கிறவர் குரலில் கேட்டார்: "அந்த ஏழு குழி?"

"கணக்குத் தப்பிடுச்சு, சார். ஆறுக்குக் கோடு போட்டேன், ஏழா வந்து நின்னுது."

"இடப்பக்கம் சுத்தறது?"

"தையல் மிஷின் சக்கரம் நம்ம பக்கமாத்தான் சுத்தணும். அந்தப் பக்கம் சுத்தினா நூல் அறுந்துடும். பழக்க தோஷம்."

"குழல்? குழல்ல துளை போடறது சாமானிய வேலையா?"

இங்கேதான் மிஷின்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுக்குத்தான் சார் உயிர் போச்சு. பெரிய தொழிற்சாலை மிஷினோட மேல்தண்டு ஒண்ணு கிடந்துது. நல்ல எஃகு. அதைச் செங்குத்தா நிறுத்திப் பிடிச்சேன். துளை கோணாம போகணுமே, பக்கத்துல ஒரு நூல்ல கல்லைக் கட்டித் தொங்கவிட்டு அதைப் பார்த்துக்கிட்டே டிரில்லைச் சுத்தினேன். ரெண்டு சுத்து, ரெண்டு சொட்டு எண்ணெய், நிறுத்தி ஊதணும். அவசரப்பட்டா பிட் உடைஞ்சுடும். உடைஞ்சுது. வாங்கி வாங்கி மாத்தினேன். இரும்புச் சீவல் தலைமுடி மாதிரி சுருள் சுருளா வந்து காலடியில கிடந்துது. கடைசில அந்தப் பக்கத்துல வெளிச்சம் தெரிஞ்சுது பாருங்க, மாமா குழலை வாங்கிக் கண்ணுல வெச்சு என்னைப் பார்த்தாரு. 'மாப்பிள்ளை, இது வழியா உங்க முகம் தெரியுது'ன்னாரு. அழுதுட்டாரு."

மாமியாருக்குப் புரையேறியது. தலையைத் தட்டிக்கொண்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு, எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அப்பாவை நினைத்துக்கொண்டாள் என்று மகள்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மனைவி பாத்திரத்தில் மிச்சமிருந்த நடுத்துண்டை எடுத்துப் புருஷனின் தட்டில் வைத்தாள். சகலை வாயை மூடினார். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவருடைய உதடுகள் ஒன்றையொன்று தொட்டதை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு சில நாள் மிஷின்காரர் ராஜாவாக இருந்தார். தையல்காரர்கள் கெடாத மிஷினைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "அந்தத் துளை போட்ட கதையைச் சொல்லுங்க" என்பார்கள். ஒவ்வொரு முறையும் சீவல் இன்னும் கொஞ்சம் சுருண்டது, மழை இன்னும் கொஞ்சம் பலத்தது. மனைவி அவருடைய சட்டையை மோந்து பார்த்து, "எண்ணெய் வாசனை ஒண்ணும் அவ்வளவு மோசமில்ல" என்றாள். குடைக்குப் புதுக் கம்பி இரண்டு போட்டார். ஆணி அவரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டது.

இப்போது எரிச்சல் மாடியேறியது. மேலே நடை மெதுவாகிவிட்டது. கரைத்த மாவு கட்டி தட்டிப்போனது. முன்பல் இரண்டும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு செட் டாக்டர் வீட்டிலிருந்து திரும்பி வந்தது.

"உங்களுக்கு எங்கப்பா குடுத்ததைவிட அவர்கிட்ட சொன்னதுதான் பெருசா போச்சா?" என்று கொழுந்தியாள் கேட்டது மாடிப்படி வழியாகக் கீழே வரைக்கும் கேட்டது.

"ஒரு வார்த்தை என்கிட்டயும் சொல்லியிருக்கலாம்டி. அவருக்குப் பல்லு வெச்சவன் நான். என் பல்லாலதானே பேசினாரு. என்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?"

மிஷின்காரர் கீழே இருந்து அதைக் கேட்டுக்கொண்டே ஒரு ஷட்டிலுக்கு எண்ணெய் விட்டார். இரண்டு சொட்டு விடவேண்டிய இடத்தில் நாலு விட்டார்.

புரொபசருக்கும் வயிறு என்று ஒன்று இருக்கிறதல்லவா? இளவரசனைப் பறிகொடுத்த மனுஷர் அவர். அனுமதியில்லாமல் துப்பாக்கி செய்தவரைப் பற்றித் தெரிந்தும் சும்மாயிருப்பது தான் இருக்கும் துப்பாக்கி சேகரிப்போர் சங்கத்து விதிக்கு ஒத்துவராது என்று ஸ்டேஷனில் போய்ச் சொல்லிவிட்டார்.

முதல் மழை பெய்த அன்று ஏட்டு வந்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பட்டறைக்குள் நுழைந்ததும் அவர் பார்வை துப்பாக்கியைத் தேடவில்லை. மூலையில் நின்ற ஒரு மிஷினில் போய் நின்றது.

"இது என் வீட்டுக்காரி மிஷின்."

"ஆமாங்க ஐயா. பாபின் கேஸ் கிடைக்கல."

"துப்பாக்கி செய்ய உனக்கு நேரம் இருக்கு. பாபின் கேஸ் தேட நேரம் இல்ல. தினமும் வீட்டுக்குள்ள நுழைஞ்சா அவகிட்ட நான் என்ன திட்டு வாங்கறேன் தெரியுமா?" மாட்டிக்கொண்டவரைப் பார்த்து ஏட்டு வெகுநேரம் பேசினார். பிறகுதான் துப்பாக்கி விஷயத்துக்கு வந்தார். "நீ செஞ்சேங்கறது நிஜமா? நிஜம்னா இப்பவே என்கூட ஸ்டேஷனுக்கு வரணும். உள்ளதான் இருக்கணும். பொய்னா, பொறாமையில உளறிட்டேன்னு இவங்க எல்லாரும் இருக்கறப்போ சொல்லிடு, நான் போய்க்கிட்டே இருக்கேன்."

எல்லோரும் பட்டறைக்குள் வந்துவிட்டார்கள். மாமியார் ஒரு தட்டில் பாதாமை வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து தோலுரித்துக்கொண்டிருந்தாள். மனைவியின் முகம் வெளுத்திருந்தது.

"ஏங்க," என்று மெதுவாகக் கூப்பிட்டாள், "நிஜமாவே செஞ்சீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். பொய் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் சகலை ஏட்டின் பக்கத்தில் போய், காதோடு காதாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "விட்டுடுங்க சார். எங்க சகலை கொஞ்சம் அப்படித்தான். எனக்குக் கிடைச்சது அவருக்குக் கிடைக்கலன்னு ஒரு வருத்தம். நான் பொறுப்பு ஏத்துக்கறேன்."

அவர் முகத்தில் சிரிப்பு திரும்பி வந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு பல்லாக.

"சகலை," என்றார் மிஷின்காரர், "உங்க தயவுல வெளியில இருக்கறதைவிட நான் உள்ள இருந்துக்கறேன். எழுதிக்கோங்க ஐயா. நான்தான் செஞ்சேன்."

"கடவுளே" என்று மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவளுடைய கண்ணில் பயத்தோடு வேறொன்றும் இருந்தது. அதை அவரும் பார்த்தார், சகலையும் பார்த்தார். சகலை பார்த்ததுதான் வினையாகிவிட்டது. அப்பாவின் மானத்துக்காக ஜெயிலுக்குப் போகிற மாப்பிள்ளை என்று இனி ஆயுசுக்கும் பேசுவார்கள். மாடியில் ஒருவன் துப்பாக்கியை வைத்துக்கொண்டு பல் அடுக்கிக்கொண்டிருப்பான்.

"எழுதறதுன்னா முழுசா எழுதுங்க சார்" என்று சகலை மாடிக்கு ஓடி ரிவால்வரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "இவர் தனியா செய்யல. பிடியைப் பாருங்க. அது மரமில்ல. பல்செட்டுக்கு ஈறு செய்யற பொருள். அதை வார்த்தது நான்."

"நீங்க அப்போ இந்த வீட்டுக்கே வரல" என்று மிஷின்காரர் கத்தினார்.

"மாப்பிள்ளையா வரல. பல்லுக்கு அளவு கொடுக்க மாமா என்கிட்ட அப்பவே வந்துக்கிட்டுதான் இருந்தாரு. 'பெரிய மாப்பிள்ளை வேலை கொஞ்சம் முரட்டு வேலை தம்பி, நீதான் நயம் பண்ணித் தரணும்'னாரு."

"எங்க மாமா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு."

"குழலுக்குள்ள வரி போட்டதே நான்தான், சார். பல்லு ராவற கருவியால. எட்டு வரி. எல்லாம் வலப்பக்கம்."

"ஆறு வரிய்யா. இடப்பக்கம். நான் என் கையால போட்டது."

"எட்டு."

"ஆறு."

ஏட்டு இரண்டையும் எழுதிக்கொண்டார். அவருடைய உத்தியோகத்தில் குற்றத்தை நான் செய்யவில்லை என்று அடித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறார். நான்தான் செய்தேன், அவன் செய்யவில்லை என்று அடித்துக்கொண்டவர்களை அன்றுதான் பார்த்தார். அக்காளும் தங்கையும் ஆளுக்கொரு பக்கமாகத் தங்கள் புருஷன்மாரின் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள், ஜெயிலுக்கு யார் போவது என்று ஏலம் நடப்பது மாதிரி.

"உங்க வீட்டுக்காரர் எப்பவுமே பிறத்தியார் வேலையில பங்கு கேட்கற ஆளுடி" என்றாள் அக்காள்.

"எங்க வீட்டுக்காரர் போட்ட வரி அது, அக்கா" என்றாள் தங்கை. "அப்பா பேசினது அவர் செஞ்ச பல்லாலதான், மறந்துடாத."

"போதும்" என்றார் ஏட்டு. "அரக்கை எடுங்க. உள்ள ஆறா எட்டான்னு பார்த்துட்டா யார் செஞ்சதுன்னு தெரிஞ்சுபோகும். யார் செஞ்சாங்களோ அவங்க என்கூட வரட்டும்."

"குண்டு இருக்கே" என்றாள் கொழுந்தியாள்.

ஏட்டு அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். "எடுங்க. நான் இங்கேயிருந்து பார்த்துக்கறேன்."

மகள்கள் இருவரும் பட்டறை வாசலை ஒட்டிய மாடிப்படியில் பாதி வரைக்கும் ஏறி, கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டார்கள். மாமியார் மட்டும் ஜன்னலோரத்திலிருந்து எழவில்லை.

"அத்தை, தள்ளி உட்காருங்க. வெடிச்சிடப் போகுது" என்றார் மிஷின்காரர்.

"எனக்கு இங்கதான் வெளிச்சமா இருக்கு" என்றாள் அவள். "நீங்க கையைச் சுட்டுக்காம பாருங்க மாப்பிள்ளை. ரெண்டு பேரும்."

வேலை என்று வந்துவிட்டால் இருவருக்கும் கை பேசும். மெழுகு உருக்குகிற ஸ்பிரிட் விளக்கைச் சகலை மாடியிலிருந்து கொண்டுவந்தார். மிஷின்காரர் குழலைத் துணியில் சுற்றிப் பட்டறை மேஜையின் இறுக்குப்பிடியில் மாட்டி, வாய் தெருச்சுவரைப் பார்க்கும்படி இறுக்கினார். சகலை சுடரைச் சிறிதாக்கி, நீலமாக்கி, அரக்கின் விளிம்பில் காட்டினார். "ரொம்பக் கிட்டப் போகாதீங்க சகலை," "தெரியும் சகலை," "துணி கருகுது," "கருகல, நிழல்." இருவரில் யாராவது ஓரடி பின்வாங்கினால் மற்றவர் ஜெயித்துவிடுவார் என்பதால் இருவருமே வாய்க்கு நேராகக் குனிந்து நின்றார்கள். வெளியே மழை. மாமனாரின் குடை, புதுக் கம்பிகளோடு, கதவோரம் விரித்துக் காயவைத்திருந்தது.

அரக்கு முதலில் மினுமினுத்தது. பிறகு வியர்த்தது. பிறகு சிவப்பாக ஒரு சொட்டு தரையில் விழுந்தது, அப்புறம் இன்னொன்று.

"ஆறு" என்று முணுமுணுத்தார் மிஷின்காரர்.

"எட்டு" என்றார் சகலை.

கடைசிச் சொட்டும் விழுந்தது. சகலை விளக்கை ஊதி அணைத்தார். மிஷின்காரர் துணியால் முனையைத் துடைத்தார். தலையும் தலையும் இடித்துக்கொள்ள, சகலைகள் இருவரும் ஒரே சமயத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார்கள்.

அந்தக் குழலில் துளையே கிடையாது. முனையிலிருந்து அடி வரைக்கும் ஒரே கெட்டி இரும்பு.